பழைய விடுதிக்கு யார் காவல்?



விடுமுறை நெருங்கினால் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும். "எங்கே போகலாம்?" அப்பா ஓர் ஊரைச் சொல்வார். அம்மா வேறோர் ஊரைச் சொல்வார். பேசிப் பேசிக் கடைசியில் ஒன்று முடிவாகும். உடனே நீங்கள் என்ன கேட்பீர்கள்? "தங்குற ஹோட்டல்ல டி.வி. இருக்கா? ஏ.சி. இருக்கா? நீச்சல் குளம் இருக்கா?" இப்போது இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. "வை-ஃபை இருக்கா?"

கேளுங்கள், தப்பே இல்லை. ஆனால் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. "அந்தக் கட்டடத்தை யார் கட்டினாங்க? அது இன்னும் நல்லா இருக்கறதுக்கு யார் காரணம்?"

"லீவுல கூடப் பரீட்சையா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள்! பழைய விடுதி ஒன்றின் கதையைச் சொல்கிறேன். கதையோடு என் கருத்தையும் சொல்கிறேன். ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் உங்கள் விருப்பம்.

மரங்கள் முடியும் இடம்

அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஓரிகன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே மவுண்ட் ஹூட் என்ற எரிமலை, 11,200 அடிக்கும் மேல் உயர்ந்து, தலையில் வெள்ளைத் தொப்பி போட்டதுபோலப் பனி மூடி நிற்கிறது. அந்த மலையின் தெற்குச் சரிவில், சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது டிம்பர்லைன் லாட்ஜ்.

பெயரே ஓர் அறிவியல் பாடம்தான். மலையில் மேலே போகப்போகக் குளிர் கூடும். ஓர் உயரத்துக்கு மேல் மரங்களால் வளர முடியாது. அதற்குமேல் பாறையும் பனியும்தான். மரங்கள் முடியும் அந்த எல்லைக்குத்தான் ஆங்கிலத்தில் டிம்பர்லைன் என்று பெயர். விடுதி அந்த எல்லையில் நிற்பதால் அதே பெயர் வந்தது.

குளிர்காலத்தில் அங்கே ஓர் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு பனி குவியும். வாசலே மறைந்துவிடும். அதனால் பனிக்குள் குகைபோல ஒரு வழி அமைத்து, அதன் வழியாகத்தான் விருந்தினர்கள் உள்ளே போவார்கள். எலி வளைக்குள் நுழைவது மாதிரி! உள்ளே போனால் ஆறு பக்கங்கள் கொண்ட பெரிய கூடம். நடுவில் கல்லால் ஆன பிரம்மாண்டமான புகைபோக்கி. அதன் எடை மட்டும் சுமார் 400 டன். அதைச் சுற்றிக் கணப்பு அடுப்புகள். விறகு எரியும் வெளிச்சத்தில், கையைக் காய்ச்சிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அடுக்குக் கட்டில்கள் போட்ட அறைகளும் உண்டு. "மேல் கட்டில் எனக்கு!" என்று அண்ணனும் தம்பியும் சண்டை போடுவது எல்லா நாட்டிலும் ஒன்றுதானே!

அந்த வீட்டில் செயின்ட் பெர்னார்ட் இனத்து நாய்களும் இருக்கின்றன. பெரிய தலை, தொங்கும் காது, கட்டிப்பிடித்தால் மெத்தை மாதிரி இருக்கும் உடம்பு. காலங்காலமாக அவற்றுக்கு ப்ரூனோ, ஹைடி என்று பெயர் வைப்பது வழக்கம். ஒரு ப்ரூனோ வயதாகி ஓய்வு பெற்றால் அடுத்து வருவதும் ப்ரூனோதான். இந்தப் பெயர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

வேலை இல்லாதவர்கள் கட்டியது

இவ்வளவு அழகான விடுதியைப் பெரிய பணக்காரர் யாரோ கட்டியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. வேலை இல்லாமல் தவித்த ஏழைத் தொழிலாளர்கள் கட்டினார்கள்.

1929-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. தொடர்ந்து தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வங்கிகள் திவாலாயின. 1933-இல் அந்த நாட்டில் வேலை செய்யக்கூடிய நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. நேற்றுவரை மேசை, நாற்காலி செய்த தச்சர், இரும்பைக் காய்ச்சி அடித்த கொல்லர், துணி நெய்த பெண்கள் எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள். கையில் தொழில் இருந்தது. வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய அரசு 1935-இல் ஒரு பெரிய வேலைத் திட்டத்தைத் தொடங்கியது. சாலை, பாலம், பள்ளிக்கூடம், பூங்கா என்று நாட்டுக்குத் தேவையானவற்றைக் கட்டுவது. அந்த வேலைகளை வேலையில்லாதவர்களுக்கே கொடுப்பது. 1943 வரை நடந்த அந்தத் திட்டத்தில் சுமார் 85 லட்சம் பேர் வேலை பெற்றார்கள்.

டிம்பர்லைன் விடுதி அந்தத் திட்டத்தில் பிறந்த குழந்தைதான். 1936-ஆம் ஆண்டு கோடையில் வேலை தொடங்கியது. தொழிலாளர்கள் அருகில் ஒரு புல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். தொழில் தெரிந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 90 சென்ட் கூலி. தொழில் தெரியாதவருக்கு 55 சென்ட். நூறு சென்ட் சேர்ந்தால்தான் ஒரு டாலர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவருக்கே எல்லா வேலையும் போய்விடக் கூடாது, பல குடும்பங்களில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக ஆட்களை மாற்றி மாற்றி வேலை கொடுத்தார்கள்.

இத்தாலியிலிருந்து குடியேறிய கல் தச்சர்கள் அங்கே கிடைத்த கற்களைக் கொத்திச் சுவர் எழுப்பினார்கள். ஓ.பி. டாசன் என்ற கொல்லர் இரும்பு வேலைகளுக்குத் தலைமை தாங்கினார். உள் அலங்காரம் முழுவதையும் திட்டமிட்டவர் மார்ஜரி ஹாஃப்மன் ஸ்மித் என்ற பெண்மணி. 1937-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி ரூஸ்வெல்ட்டே மலைமேல் வந்து விடுதியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1938-இல் மக்கள் தங்கத் தொடங்கினார்கள்.

தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை ஆண்டுக்குள் அர்ப்பணிப்பே முடிந்துவிட்டது. இடையில் ஒரு முழுப் பனிக்காலம் வேறு! யோசித்துப் பாருங்கள்.

கம்பம் கரடியான கதை

எனக்கு இந்த விடுதியில் ரொம்பப் பிடித்த விஷயம், அது எதனால் செய்யப்பட்டது என்பதுதான்.

மாடிப்படிகளின் ஓரத்தில் கைப்பிடியைத் தாங்கும் கனமான தூண்கள் இருக்கின்றன. அவற்றின் தலையில் கரடி, ஆந்தை, பறவைகள் என்று மரச் சிற்பங்கள். அந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? தெருவோரம் கம்பிகளைத் தாங்கி நின்று, பழசாகி, வேண்டாம் என்று கழிக்கப்பட்ட தேவதாரு மரக் கம்பங்கள்! கம்பம் கரடியாகிவிட்டது.

கணப்பு அடுப்பில் விறகைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் பழைய ரயில் தண்டவாளங்கள். தீப்பொறி வெளியே தெறிக்காமல் தடுக்கும் இரும்புத் திரை, பனிச் சாலையில் வழுக்காமல் இருக்க வண்டிச் சக்கரத்தில் கட்டும் சங்கிலி. தரை விரிப்புகள் எப்படி வந்தன? அரசு நடத்திய காடு காக்கும் முகாம்களில் இளைஞர்கள் போர்த்திய பழைய கம்பளிகளை நாடா நாடாகக் கிழித்து, பெண்கள் கொக்கி ஊசியால் கோத்துச் செய்தவை. நம் பாட்டிமார் பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைகளுக்கு விரிப்பு செய்வார்களே, அதே கெட்டிக்காரத்தனம்தான்.

இன்றைக்கு நாம் "மறுசுழற்சி" என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அவர்கள் அந்த வார்த்தையைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. பணம் குறைவு, கை நிறையத் திறமை. அதனால் செய்தார்கள்.

அந்தக் கரடியின் தலை இன்று வழவழவென்று இருக்கிறது. மாடி ஏறும் ஒவ்வொரு குழந்தையும் அதைத் தடவிக்கொண்டே போவதுதான் காரணம். கண்ணாடிப் பெட்டி கிடையாது. "தொடாதே" என்று எழுதிய பலகை போட்டு அதைத் தள்ளி வைக்கவும் இல்லை. படி ஏறும்போது பிடித்துக்கொள்ளத்தானே அந்தத் தூணைச் செய்தார்கள்!

இங்கேதான் என் கருத்து தொடங்குகிறது.

விளக்கு அணைந்த ஆண்டு

"பழைய சாமானா? பத்திரமாப் பூட்டி வை. யாரும் தொடக்கூடாது." பெரியவர்கள் பலர் இப்படித்தான் சொல்வார்கள். பழைய கட்டடத்தைக் காப்பாற்ற அதைப் பூட்டி வைப்பதே வழி என்று நீங்களும் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. காரணம், இந்த விடுதியே ஒருமுறை பூட்டப்பட்டு, அழியப் பார்த்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது விடுதி சில ஆண்டுகள் மூடிக் கிடந்தது. போர் முடிந்து திறந்தார்கள். ஆனால் நடத்தியவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை. அழுக்கு சேர்ந்தது. உடைந்தவை உடைந்தபடியே கிடந்தன. கடைசியில் மின்சாரக் கட்டணம்கூடக் கட்டவில்லை. 1955-இல் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. நாட்டின் குடியரசுத் தலைவர் வந்து அர்ப்பணித்த விடுதி இருட்டில் மூடிக் கிடந்தது!

அப்போது அந்த விடுதிக்கு என்ன வயது? மக்கள் தங்கத் தொடங்கி வெறும் 17 ஆண்டுகள். உங்கள் வீட்டுப் பெரிய அண்ணன் வயது!

இன்று அதே விடுதிக்கு 85 வயதுக்கு மேல் ஆகிறது. நன்றாக இருக்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் வந்து போகிறார்கள். இப்போது சொல்லுங்கள், ஒரு கட்டடத்தைக் கெடுப்பது வயதா, கவனிப்பு இல்லாததா? 17 வயதில் பாழானது 85 வயதில் கம்பீரமாக நிற்கிறது என்றால், குற்றவாளி வயது இல்லை என்பது தெரிகிறதல்லவா?

கதவு பூட்டிய வீட்டில் ஓடு ஒன்று நகர்ந்தால் பார்க்க ஆள் இல்லை. மழைநீர் ஒழுகினால் பாத்திரம் வைக்க ஆள் இல்லை. மனிதர்கள் வாழும் வீட்டில்தான், "ஐயோ, இங்க ஒழுகுதே!" என்று ஒரு குரல் கேட்கும்.

1955-இல் அந்த விடுதியை எடுத்து நடத்த முன்வந்தவர் ரிச்சர்ட் கோன்ஸ்டாம். முப்பது வயதுகூட ஆகவில்லை. சமூகப் பணி படித்தவர். விடுதி இருந்த நிலையைப் பார்த்து ஓடிவிடாமல், சுத்தம் செய்து, பழுது பார்த்து, மறுபடி விருந்தினர்களை வரவழைத்தார். 2006-இல் அவர் காலமானார். அவருடைய குடும்பத்தின் நிறுவனம்தான் இன்றும் நடத்துகிறது. ஆனால் கட்டடம் அவர்களுடைய சொத்து அல்ல. அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் இருக்கும் பொதுச் சொத்து.

புதிதாக நெய்தால் அது பழையதா?

உங்களில் சிலர் இப்போது மடக்கிக் கேட்பீர்கள். "பயன்படுத்தினால் தேயாதா? கிழியாதா?"

கட்டாயம் தேயும். அங்கேயும் தேய்ந்தது. 1970-களில் பார்த்தபோது திரைச்சீலைகளும் விரிப்புகளும் படுக்கை விரிப்புகளும் நைந்து போயிருந்தன. அப்போது அந்த விடுதியை நேசித்தவர்கள் ஒன்றுகூடி 1975-இல் 'டிம்பர்லைன் நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பழைய மாதிரிகளைத் தேடி எடுத்தார்கள். அதே வண்ணம், அதே வடிவம், அதே கைவேலை என்று புதிதாக நெய்ய வைத்தார்கள். அதற்கும் ஓர் அரசு வேலைவாய்ப்புத் திட்டம்தான் கை கொடுத்தது. பாட்டி காலத்தில் நடந்தது பேத்தி காலத்தில் மறுபடி நடந்தது!

"அப்படியென்றால் அது உண்மையான பழைய விரிப்பு இல்லையே? போலிதானே?"

நல்ல கேள்வி. ப்ரூனோ நாயை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ப்ரூனோ முதல் ப்ரூனோ இல்லை. ஆனால் அதே வாசலில் நிற்கிறது. அதே போல வாலை ஆட்டி வரவேற்கிறது. யாரும் அதைப் போலி நாய் என்று சொல்வதில்லை. கம்பளி நூல் நைந்து போகும். அந்த விரிப்பை எப்படிக் கோப்பது என்ற வித்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால், விரிப்பு சாகவில்லை என்பேன் நான். துணியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போனால் நாம் எதைக் காப்பாற்றியிருக்கிறோம்?

1977-இல் அமெரிக்க அரசு இந்த விடுதியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அப்படி அறிவித்த பிறகும் யாரும் அதைப் பூட்டவில்லை. இன்றும் அங்கே காலையில் சாப்பாடு மணக்கிறது. பிள்ளைகள் மாடிப்படியில் ஓடுகிறார்கள். ஈரக் காலுறைகள் காய்கின்றன. வரலாற்றுச் சின்னத்துக்குள் குறட்டை விட்டுத் தூங்கலாம் என்றால் சும்மாவா!

நெருப்பு வைத்த சோதனை

என் கருத்துக்கு எதிராகவும் ஒரு சம்பவம் இருக்கிறது. அதை மறைத்தால் நியாயம் ஆகாது.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 18. இரவு நேரம். விடுதியின் கூரையில் தீப்பிடித்தது. கணப்பு அடுப்பிலிருந்து பறந்த தீப்பொறி கூரையில் விழுந்திருக்கலாம் என்று சொன்னார்கள். விருந்தினர்களையும் ஊழியர்களையும் வெளியே அனுப்பினார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து தீயை அணைத்தார்கள். யாருக்கும் காயம் இல்லை. சில நாட்களிலேயே விடுதி மறுபடி திறக்கப்பட்டது.

"பாத்தீங்களா? கணப்பைப் பத்த வெச்சு, மனுஷங்க புழங்கினதாலதானே தீ வந்துச்சு?" என்று கேட்கலாம். ஆமாம். பயன்படுத்துவதில் ஆபத்து உண்டு. ஆனால் தீயை உடனே கண்டதும், உதவி கேட்டதும் யார்? உள்ளே மனிதர்கள் இருந்ததால்தானே அது முடிந்தது. ஆளில்லாத பூட்டிய கட்டடத்தில் அதே பொறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எப்போதும் காப்பாற்றிவிட முடியும் என்றும் நான் சொல்ல மாட்டேன். டிம்பர்லைன் விடுதியின் வடிவமைப்பில் பங்கு கொண்ட கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட். அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்பில் நின்ற விடுதியையும் அவர்தான் வடிவமைத்தார். அது 1928-இல் திறக்கப்பட்டது. 1932-இல் தீயில் எரிந்தது. எரிந்த சுவர்களின் கற்களைக் கொண்டே 1937-இல் திரும்பக் கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் அதன் திண்ணையில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தன. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், மின்னல் மூட்டிய காட்டுத்தீ பரவி வந்தது. விடுதி எரிந்து அழிந்தது.

அந்த விடுதியைக் கவனிக்காமல் விட்டதால் அது போகவில்லை. சில ஆபத்துகள் மனிதக் கைக்கு அடங்காதவை. அதனால்தான் சொல்கிறேன், மரத்தாலும் கல்லாலும் செய்த இந்தப் பழைய வீடுகள் சாகாவரம் பெற்றவை அல்ல. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட முடியாதவை. இருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தால் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

"காசு கொடுத்திருக்கோமே!"

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சுக்கு வருகிறேன்.

விடுதிகளில் சில குடும்பங்கள் நடந்துகொள்வதைப் பார்த்தால் வேதனையாக இருக்கும். ஈரத் துண்டை மர நாற்காலியில் போடுவார்கள். சேற்றுச் செருப்போடு விரிப்பில் நடப்பார்கள். கட்டிலில் குதிப்பார்கள். சுவரில் ஆணியால் பெயரைக் கீறுவார்கள். "ஞாபகார்த்தமா இருக்கட்டும்" என்று கரண்டியைப் பைக்குள் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. கேட்டால், "காசு கொடுத்திருக்கோமே!" என்பார்கள்.

காசு எதற்குக் கொடுத்தோம்? ஓர் இரவு தூங்குவதற்கு. அந்தக் கரடியைச் செதுக்கியவருடைய உழைப்புக்கு நாம் விலை கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. வேலை போய், குடும்பம் பட்டினி கிடந்த காலத்தில், ஒரு கழித்துப் போட்ட கம்பத்தை எடுத்து, "இதையும் அழகாகச் செய்வேன்" என்று உளி பிடித்த கை அது. கூலிக்குச் செய்தால் போதும் என்று நினைத்திருந்தால் வெறும் தூணாக நட்டுவிட்டுப் போயிருக்கலாமே! யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கரடிக்குக் காதும் மூக்கும் வந்தது அவருடைய மனசால்தான்.

அந்த மரத்தில் உங்கள் பெயரைக் கீறினால், அவருடைய பெயருக்கு மேல் உங்கள் பெயரை எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். அவரோ தன் பெயரைக்கூடப் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

நாம் தங்கும் அறையில் நேற்று வேறொரு குடும்பம் தங்கியது. நாளை இன்னொரு குடும்பம் வரும். நடுவில் ஓர் இரவு அது நம் கையில் இருக்கிறது. தொடர் ஓட்டப் பந்தயத்தில் குச்சியை வாங்கி ஓடி, அடுத்தவரிடம் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. நம் கையில் இருக்கும்போது கீழே விழக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே, பழைய விடுதிக்கு யார் காவல் என்று என்னைக் கேட்டால், வாசலில் சீருடை போட்டு நிற்பவர் மட்டும் காவல் இல்லை என்பேன். அன்று இரவு அங்கே தூங்கும் ஒவ்வொருவரும் காவல். எட்டு வயதுப் பாப்பாவும் காவல்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். அடுத்த முறை குடும்பத்தோடு எந்தப் பழைய வீட்டில், எந்தப் பழைய விடுதியில் தங்கினாலும், போய்ச் சேர்ந்ததும் டி.வி. ரிமோட்டைத் தேடுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கதவுக் கைப்பிடியைப் பாருங்கள். உத்தரத்தை அண்ணாந்து பாருங்கள். படியின் நடுவே பள்ளமாகத் தேய்ந்திருந்தால், எத்தனை கால்கள் ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அங்கே வேலை செய்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "இதை யார் கட்டினாங்க? இந்த மரம் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். தோட்டக்காரத் தாத்தாவுக்கும், அறையைச் சுத்தம் செய்யும் அக்காவுக்கும் தெரிந்த கதைகள் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஒரு பிள்ளை வந்து கேட்டால் அவர்கள் முகம் எப்படி மலரும் தெரியுமா? கிளம்பும்போது அவர்களுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். அந்த வீட்டைத் தினமும் காப்பாற்றுபவர்கள் அவர்கள்தான்.

தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். தொடலாம் என்றால் சுத்தமான கையால், மெதுவாகத் தொடுங்கள். உடைந்தது, ஒழுகுவது, கழன்றது எதையாவது பார்த்தால், "நமக்கென்ன?" என்று போகாமல் உடனே சொல்லுங்கள். நம் கையால் ஏதாவது உடைந்துவிட்டால் கட்டிலுக்கு அடியில் தள்ளி மறைக்காதீர்கள். சொன்னால் ஒட்ட வைக்கலாம். மறைத்தால் குப்பைக்குப் போய்விடும்.

ஞாபகார்த்தம் வேண்டுமா? நோட்டில் அந்தக் கரடியை வரைந்து கொண்டு வாருங்கள். கரண்டியைவிட அது உயர்ந்த ஞாபகம். யாரும் திருடிவிட்டீர்கள் என்றும் சொல்ல மாட்டார்கள்!

அப்பா, அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளை மலையையும் அருவியையும் காட்ட அழைத்துப் போகிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. தங்கும் இடத்தையும் ஓர் அரை மணி நேரம் காட்டுங்கள். அதைக் கட்டிய கைகளைப் பற்றிச் சொல்லுங்கள். மலையை இயற்கை செய்தது. வீட்டை நம்மைப் போன்ற மனிதர்கள் செய்தார்கள். "நாமும் ஏதாவது செய்யலாம்" என்ற ஆசை ஒரு பிள்ளைக்கு மலையைப் பார்த்து வராது. அந்தப் படிக்கட்டுத் தூணைப் பார்த்தால் வரும்.

தோழர்களே, வேலையில்லாத மனிதர்கள், வேண்டாத கம்பங்களையும் கிழிந்த கம்பளிகளையும் வைத்துக்கொண்டு, உலகமே வந்து பார்க்கும் ஒரு வீட்டைக் கட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் அதை ஒருமுறை கைவிட்டார்கள். அதற்கும் அடுத்து வந்தவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். இனி வரப்போகிறவர்கள் நீங்கள். நீங்கள் கைவிடும் கூட்டமா, தூக்கி நிறுத்தும் கூட்டமா?

பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த விடுமுறையில், நீங்கள் கிளம்பிய பிறகு அந்த அறைக்கு வரும் குடும்பத்துக்குத் தெரிந்தால் போதும்!